நைனார் வீட்டு மருமகளுக்குப் பார்த்த வைத்தியங்கள்

நம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் பெரியவன் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டிருந்தான். நரம்பு நோய் எதுவானாலும் ஒரே ஒரு இலை போதுமாம். ஒரு மண்டலம் தின்றால் படுத்த படுக்கையில் கிடப்பவர் எழுந்து ஓடுவாராம். இலையின் படமும் இருந்தது. நம் வீட்டுக்குப் பின்னால் ஆடு கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிற இலை. பிசியோதெரபி படிக்கிற சின்னவள் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் கோபமாக என்னவோ எழுதினாள். அவன் கைகூப்புகிற படம் ஒன்று போட்டான். அவள் குழுவைவிட்டு வெளியேறிவிட்டாள். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நடத்திய சண்டை இது.

உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். விழுப்புரத்தில் ஒரு வருஷம் நர்சிங் உதவியாளர் பயிற்சி எடுத்தேன். அங்கே கற்றதில் பாதி கட்டில் விரிப்பை மடிப்பு இல்லாமல் போடுவது, மீதி பெரியவர்கள் திட்டும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது. பிறகு செஞ்சியில் திண்டிவனம் சாலையில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தலை நரைத்து வெளியே வந்தேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மாதிரி இலைகளைத் தின்று முடித்தவர்கள் கடைசியில் எங்கே வருவார்கள் என்று தெரியும். அவர்களுக்குக் கட்டில் விரித்தவன் நான்.

எங்கள் டாக்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரைக்கைச் சட்டை, மெல்லிய குரல். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்ள மாட்டார், சட்டைப் பையில் சுருட்டி வைத்திருப்பார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நோயாளி எதைச் சொன்னாலும், "சொல்லாத. செஞ்சு காட்டு" என்பார். மூச்சிரைப்புக்கு வாயில் அடிக்கிற மருந்து வாங்கிப்போன ஒரு பெரியவர், மூன்று மாதமாக அடிக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை என்று வந்தார். செய்து காட்டச் சொன்னார் டாக்டர். அவர் எழுந்து நின்று, கொசு மருந்து அடிக்கிற மாதிரி அறையின் நான்கு மூலைக்கும் அடித்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து நன்றாக இழுத்து மூச்சுவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "ரூமுக்கு இப்ப மூச்சிரைப்பு இருக்காது. இனிமே உங்களுக்கு அடிச்சுக்கலாம்" என்றார்.

பத்மாவதி எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை குணமாகியிருந்தது.

தொண்டூர்ப் பக்கத்துக் குடும்பம். நம் ஊர்ச் சமணர்களை நைனார் என்றுதானே சொல்வோம், அந்த நைனார் வீட்டு மருமகள். புருஷன் சாந்தகுமாருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். ஒரு பையன், அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். முதலில் அவளுக்கு வலது கண் மங்கியிருக்கிறது. கண்ணாடிக் கடையில் ஒரு கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். பிறகு யாரோ சொல்லி நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டினார்கள். சில வாரத்தில் பார்வை திரும்பிவிட்டது. பூவுக்குப் பெயர் கிடைத்தது. அடுத்த வருஷம் இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. அனந்தபுரம் போகிற வழியில் கொட்டகை போட்டிருந்த ஒரு வைத்தியரிடம் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். அதுவும் சரியாகிவிட்டது. எண்ணெய்க்குப் பெயர் கிடைத்தது.

மூன்றாவது தடவை எண்ணெய் கேட்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிப் படியேறி வந்தபோது அவள் வலது காலில் செருப்பு இல்லை. வாசலில் விட்டுவிட்டு வந்தாளா என்று கேட்டேன். அவள் குனிந்து பார்த்து, பயந்துபோய், "போட்டுக்கிட்டுதான்ணா வந்தேன்" என்றாள். செருப்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் கழன்று விழுந்திருக்கிறது. அது அவள் காலுக்குத் தெரியவில்லை.

டாக்டர் அவளைத் தரையில் டைல்ஸ் சேருகிற கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், குதிகால் மேல் விரல் இடிக்கிற மாதிரி. அவள் இரண்டு எட்டு வைத்து என் மேல் சாய்ந்தாள். பிறகு தலையைக் குனியச் சொன்னார். குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். முதுகுத்தண்டில் கரண்ட் அடிக்கிற மாதிரி கால் வரை இறங்குகிறது என்றாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் பேனாவை மூடினால், எழுத அவரிடம் மருந்து இல்லை என்று அர்த்தம்.

"இது என் கைக்கு அடங்கினது இல்ல. பாண்டிச்சேரி போங்க. இன்னிக்கே" என்றார்.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தும் பார்த்தார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று பெயர் எழுதி, ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்ற வேண்டும், இரண்டு நாள் இங்கே ஆயிற்று, மீதியைச் செஞ்சியிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

அந்த மருந்தை ஏற்றியவன் நான்தான். சின்னவளே, நீ கவனி. பொடியாக இருக்கும் மருந்து, அதோடு வருகிற தண்ணீரில் கரைக்க வேண்டும், குலுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். பிறகு சலைன் பாட்டிலில் சேர்க்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் நெஞ்சு படபடக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறபடி சொட்டை நிறுத்தி வைத்துவிட்டு, நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருவேன். ஏற ஆரம்பித்ததுமே வாயில் இரும்பைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்பாள். உரித்த ஆரஞ்சுச் சுளை கொடுப்பேன். பொழுது சாய்ந்துவிட்டால் அதையும் வாங்க மாட்டாள். இருட்டினால் அவர்கள் சாப்பிடுவதில்லை, அது அவர்கள் தர்மம். அதனால் மருந்து ஏற்றுவதை நாங்கள் காலைக்கு மாற்றிக்கொண்டோம்.

சாந்தகுமாருக்கு டாக்டர் நோயை விளக்கினார். "ஒயரு மேல ரப்பர் இருக்குதில்ல? அந்த மாதிரி நரம்பு மேலயும் ஒரு உறை இருக்குது. இவங்க உடம்புல இருக்கிற காவல்காரனே அதைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறான். அடிச்ச இடத்துல கரண்டு சரியா போவாது. கொஞ்ச நாள்ல பாதி சரியாவும். அப்புறம் வேற இடத்துல அடிப்பான்."

"எப்ப சார் முழுசா குணமாவும்?"

"ஆகாது. ஆகும்னு நான் சொன்னா அது பொய்யி. அடுத்த அடி வராம தள்ளிப் போட மருந்து இருக்குது. அதான் என்னால சொல்ல முடிஞ்சது."

சாந்தகுமார் முகத்தைப் பார்த்தேன். மிக்சி வாங்கப்போன இடத்தில் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அனந்தபுரம் ரோட்டு வைத்தியர் வாரண்டி கொடுத்திருந்தார். அவர் கொட்டகை வாசலிலேயே பெரிய பேனர், முன் படுத்திருக்கிறவர், பின் நடக்கிறவர் என்று இரண்டிரண்டு படம். இரண்டு படத்திலும் இருப்பவர் ஒரே ஆள்தானா என்று யாரும் கேட்டதில்லை. நோய் தானாக ஏறி, தானாகப் பாதி இறங்குகிற நோய். இறங்குகிற நேரத்தில் யார் கை வைத்திருக்கிறார்களோ அவர்தான் கைராசிக்காரர். இந்த ஒரு நோய் போதும், நாட்டில் எந்த வைத்தியரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

பாண்டிச்சேரியில் தினம் இரண்டு கேப்சூல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நடையும் ஓரளவு திரும்பியது. வீட்டில் என்ன செய்தார்கள்? கேப்சூலையும் கொடுத்து, ஒரு பாதுகாப்புக்கு வைத்தியரிடமும் கூட்டிப் போனார்கள்.

அவர் இந்தத் தடவை எண்ணெயோடு நிறுத்தவில்லை. ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தார். ஆளை உள்ளே உட்காரவைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, கீழே மூலிகை கொதிக்கும். வேது பிடிக்கிறதுதான், உடம்பு முழுக்க. சித்திரை மாதம். செஞ்சியில் சித்திரையில் ஓர் ஆளை வேது பெட்டியில் வைக்கிறதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். சுற்றியிருக்கிற மூன்று மலையின் பாறைகளும் அந்த வேலையை ஏற்கெனவே இலவசமாகச் செய்துகொண்டிருக்கின்றன. பெட்டியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. வெளியே எடுத்தபோது கால் துவண்டது. "நோய் வெளியே வருது" என்றிருக்கிறார் வைத்தியர். மாமரத்தடியில் படுக்கப் போட்டார்கள். உடம்பு ஆறியதும் பார்வை திரும்பியது. "பாத்தீங்களா, போயிடுச்சு" என்றிருக்கிறார். அவரே மங்கவைத்து அவரே தெளியவைத்தார். இப்படி ஒவ்வொரு செவ்வாயும் நோய் வெளியே வந்தது.

அடுத்த முறை வந்தபோது எங்கள் டாக்டரிடம் இதைச் சொன்னாள். அவர், இந்த நோய்க்காரருக்குச் சூடு ஆகாது, ஒயரில் ஏற்கெனவே ரப்பர் போனது, சூடேறினால் இன்னும் தடுமாறும், ஆறினால் திரும்பும், அதில் வைத்தியமும் இல்லை மாயமும் இல்லை என்று சொன்னார். எண்ணெய் தேய்த்துக்கொள்வதை அவர் தடுக்கவில்லை. கால் இறுக்கம் விடும், சுகமாக இருக்கும், தேய்ச்சுக்கோ என்றார். பெட்டி மட்டும் வேண்டாம். மெதுவாகப் பயிற்சி செய், வெயிலுக்கு முன்னால் நட, மாத்திரையை விடாதே. அவ்வளவுதான். பேனர் போடுகிற அளவுக்கு இதில் ஒரு வரியும் இல்லை.

அடுத்து சாந்தகுமாரின் செல்போன் ஒரு வழி காட்டியது. தேனீயைப் பிடித்து முதுகுத்தண்டின் மேல் வரிசையாகக் கொட்டவிடுகிறார் ஒருவர். விஷத்தை விஷம் முறிக்குமாம். அவர் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பத்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். கொட்டின தேனீ என்ன ஆகும்? செத்துவிடும் என்றார் அவர், அது ஒரு விஷயமே இல்லை என்கிற மாதிரி. "தேனையே வாயில வைக்கிறது இல்ல நாங்க. என் ஒரு காலுக்காக இத்தினி உயிர சாவடிக்கிறதா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமியார் வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இதை அவள் சொன்னபோதுதான் எங்கள் டாக்டர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன். "நான் இவ்ளோ நாளா கத்தி முடியாதது. உங்க தர்மம் ஒரே நாள்ல முடிச்சிடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தர்மம் எங்கள் கேப்சூலையும் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மழைக்காலத்தில் நான்காவது அடி விழுந்தது. இந்தத் தடவை வலது காலை இழுத்துப்போட்டு வந்தாள். புருஷன் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். பையன் பள்ளிக்கூடப் பையோடு பின்னால் வந்தான். அவனை விடப்போன வழியில்தான் விழுந்திருக்கிறாள். மறுபடியும் ஸ்டீராய்டு ஏற்றினேன். மூன்றாம் நாளும் பாதம் தூக்கவில்லை.

டாக்டருக்கு அது பிடிபடவில்லை. இந்த மருந்தைச் சாப்பிட்டாலும் சிலருக்கு அடி விழும், இருந்தாலும் இவ்வளவு சீக்கிரமா? மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள். இரண்டு வேளையும்? இரண்டு வேளையும். வயிறு எரிகிறது, முகமெல்லாம் சிவந்துபோகிறது, தாங்க முடியாத நாளில் மட்டும் விட்டுவிடுவேன் என்றாள். எத்தனை நாள் தாங்க முடியவில்லை என்று கேட்டார். மாமியார்தான், பாதி நாள் விட்டுவிடுகிறாள் என்றார். எரிச்சல் வருகிற மருந்துதான், ஆனால் பாதி நாள் விடுகிற அளவுக்கா என்று யோசித்தார் டாக்டர். நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லாத. செஞ்சு காட்டு."

எனக்கே இது கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. விழுங்குவதில் என்ன இருக்கிறது செய்து காட்ட? பத்மா மாமியாரிடம் டம்ளர் வாங்கினாள். கேப்சூலை எடுத்தாள். இரண்டு கை விரலாலும் பிடித்து மெல்லத் திருகினாள். தோல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளேயிருந்து கடுகு மாதிரி இருந்ததை டம்ளரில் கொட்டி, ஸ்பூனின் முதுகால் நசுக்கு நசுக்கென்று நசுக்கி, மோரை ஊற்றிக் கலக்கினாள். காலித் தோல் இரண்டையும் ஒரு காகிதத்தில் வைத்து மடித்துத் தள்ளி வைத்தாள். அவ்வளவு நேர்த்தியாக ஒரு மருந்தை யாரும் கெடுத்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி ஜன்னல் மேல் வைத்தார்.

"ஏம்மா பிரிக்கிற?"

"மேல் தோலு மாட்டு எலும்புலேருந்து காச்சி பண்றாங்களாம் சார். இவருக்கு போன்ல வந்துது." புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "மருந்து உள்ளதானே இருக்குது. அத நான் ஒரு நாளும் வீணாக்கல."

எனக்கு வாயில் ஒரு வார்த்தை வந்துவிட்டது. இவ்வளவு படித்த குடும்பம் என்று ஆரம்பித்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"போன்ல வந்ததுல இது ஒண்ணு நெசந்தான் ஏழுமலை" என்றார் என்னிடம். பிறகு அவளிடம், குரலை இன்னும் தாழ்த்தி: "அந்தக் கடுகு ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பூச்சு இருக்குதும்மா. வயித்த தாண்டி குடலுக்குப் போயிதான் கரையணும். நீ நசுக்கினதால வயித்துலயே ஒடைஞ்சி எரிச்சிருக்குது. எரிஞ்சதால விட்டுட்ட. உன் மேல தப்பு இல்ல. நீ இன்னா சாப்டுவ, இன்னா சாப்ட மாட்டன்னு நான் ஒரு நாளும் கேக்கல. ராத்திரில சாப்ட மாட்டன்னு தெரிஞ்சவனுக்கு இது தோணியிருக்கணும்."

டாக்டர் ஒருவர் நோயாளியிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சாந்தகுமார் அப்போதுதான் நிமிர்ந்தான். தோலோடு விழுங்கச் சொல்லுங்கள் சார், உயிர் போகிற விஷயம், எங்கள் சாமி மன்னிக்கும் என்றான். மாமியாரும் ஆமாம் என்றார்.

"நா முழுங்க மாட்டேன்" என்றாள் பத்மா. அழவில்லை. "காலு போனாலும் சரி."

கால் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும், அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். டாக்டர் இன்னொரு டாக்டராக இருந்திருந்தால் கத்தியிருப்பார், மூடநம்பிக்கை என்று ஒரு சொற்பொழிவு நடந்திருக்கும், அவள் நேராக அனந்தபுரம் ரோட்டுக்குப் போயிருப்பாள். இவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பாண்டிச்சேரி நரம்பு டாக்டரைக் கூப்பிட்டார். தோல் இல்லாத மருந்து வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பக்கம் என்னவோ எரிச்சலாகப் பேசியிருப்பார்கள் போல. இவர், "ஆமா சார், அந்தம்மா கொள்கை அது. மாத்தறதுக்கு எனக்கு மருந்து தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்.

தினம் ஒரே ஒரு சாதா மாத்திரை இருந்தது. டாக்டர் அதன் குறைகளை முதலில் சொன்னார். ஈரல் சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். முடி மெலியலாம். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குழந்தை உண்டாகக் கூடாது, இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும், மருந்தை உடம்பிலிருந்து எடுக்கவே தனியாக வைத்தியம் உண்டு. புருஷனையும் மாமியாரையும் வெளியே அனுப்பிவிட்டு இதை அவளிடம் தனியாகக் கேட்டார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒரு பிள்ளை போதும், அவனை நடந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டால் போதும் என்று அவள் சொன்னது கேட்டது. மாத்திரையில் தோல் கிடையாது, அட்டையைப் பிரித்து அப்படியே விழுங்கு என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். பிறகு என் எதிரிலேயே ஒன்றை விழுங்கவைத்தார்.

வலது பாதம் முழுசாகத் திரும்பவில்லை. நான்கு அடியும் சேர்ந்து நிரந்தரமாக எடுத்துக்கொண்டுபோனது அது ஒன்றைத்தான். பாதம் தொங்காமல் இருக்கச் செருப்புக்குள் ஒரு பட்டை, கையில் ஒரு குச்சி. ஆனால் நடந்தாள். ஐந்தாவது அடி விழவே இல்லை. அனந்தபுரம் ரோட்டுப் பேனரில் அவள் படமும் வந்தது. பின் என்று எழுதிய பக்கத்தில் குச்சி தெரியாத மாதிரி வெட்டிப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வேறு ஊர்களிலிருந்தும் அந்தக் கொட்டகைக்கு வண்டி வந்ததாகக் கேள்வி. அது பொய் என்று எழுத எங்களிடம் பேனர் இல்லை. இருந்தாலும் என்ன எழுதுவது? இவருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றா?

பெரியவனே, நீ தள்ளிவிட்ட செய்தியில் இலையைத் தின்றவர் எழுவார், நடப்பார், ஓடுவார் என்று இருந்தது. எங்கள் மருந்து ஜெயித்தால் ஒன்றுமே நடக்காது. அதை யார் பத்துப் பேருக்கு அனுப்புவார்கள்?

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், புது ஸ்கேனை எடுத்துக்கொண்டு பத்மாவும் மாமியாரும் வந்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டார். புதுப்புள்ளி ஒன்றும் இல்லை என்றார். மாமியாருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டார்.

"புதுசா ஒண்ணும் இல்லன்னா, இனிமே இன்னாத்துக்கு மாத்திர? முடி வேற கொத்துக் கொத்தா வருது. நிறுத்திடலாமில்ல?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். பத்மா முந்திக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை, காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நிறுத்தினா இன்னா ஆவும்னு பாக்கறதுக்கு எனக்கு இன்னொரு காலுதான் இருக்குது அத்த. அத வச்சி பாக்கலாமா?"

அந்த அம்மாள் மருமகளின் காலைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். மலைக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கூடையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார்.

"பேசிக்கினே இருக்கிற. பொழுது போவுது பாரு. சாப்ட்டு மாத்திரையப் போடு" என்றார்.